கொரியன் புல் மஞ்சளாகிறது, யூரியா போட்டும் தேறவில்லை

வினா: மே 12, காலை

சரவணம்பட்டியில் புதிதாகக் கட்டிய வீட்டின் முன்புறம், ஒரு சென்ட் அளவில் கொரியன் புல் விரித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. முதல் நான்கு மாதம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது; பொங்கலுக்குப் பிறகு மஞ்சளாகத் தொடங்கியது. தினமும் மாலையில் அரை மணி நேரம் போர்த் தண்ணீர் விடுகிறேன். மாதம் இருமுறை யூரியா போடுகிறேன். தோட்டக்காரர் இன்னும் யூரியா போடச் சொல்கிறார். கோயம்புத்தூர் வெயிலுக்கு லான் ஒத்துவராது என்பதே என் முடிவு. பெயர்த்தெறிந்துவிட்டுச் செயற்கைப் புல் விரித்துவிடலாம் என்றிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

விடை: மே 12, இரவு

பெயர்க்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, இனி யூரியாவைத் தொட வேண்டாம்.

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. அந்தப் பரப்புக்கு ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் நான் போடுவதில்லை. போட்ட கையோடு தண்ணீர் பாய்ச்சிக் கரைத்தும் விடுகிறேன். நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. 'ஒரு கை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருடம் நானும் கை அளவை நம்பித்தான், இரண்டு கிலோவை ஒரே மாலையில் இறைத்தேன். நான்காம் நாள் காலையில், கை வீசிய வீச்சு அப்படியே அரைவட்டம் அரைவட்டமாகத் தரையில் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. மாடியிலிருந்து பார்த்த என் மனைவி, வாசலில் போட வேண்டிய கோலத்தை நான் தோட்டத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

தண்ணீரைப் பொறுத்தவரை, தினமும் கொஞ்சம் என்பது புல்லின் வேரை மேல்மண்ணிலேயே சோம்பேறியாக உட்கார வைத்துவிடும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். வாரத்துக்கு இருமுறை, அதிகாலையில், ஆழமாக நனையும்படி விடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஆகவே வாரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஒரு சென்ட்டுக்கு ஆயிரம் லிட்டர், அதாவது மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி ஒன்று நிறைய.

அதிகத் தண்ணீரும் அதிக யூரியாவும்தான் காரணம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

மே 13

நேற்று எழுதியதில் ஓர் அவசரம் இருக்கிறது. எந்த இலை மஞ்சளாகிறது என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் அது தழைச்சத்துக் குறைவு. நுனியில் புதிதாக விரியும் இலை வெளுத்து, கீழிலை பச்சையாகவே இருந்தால் அது வேறு கதை. ஒரே ஓர் இலையைக் கிள்ளி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய, தரை முழுவதையும் எடுத்த படத்தில் நோயும் தெரியாது, வேரும் தெரியாது. பின்னால் நிற்கும் காரின் எண் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

மே 16

படம் பார்த்தேன். என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

இலையின் நரம்புகள் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்து, பச்சையும் மஞ்சளுமாக நெடுக்குக் கோடுகள் ஓடுகின்றன. பார்ப்பதற்குச் சீட்டித் துணியின் கரை போல இருக்கிறது. வெளுத்திருப்பதும் புது இலைதான். இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு ஒரு முறை முதிர்ந்த இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து தளிருக்கு எளிதில் நகராது. அதனால்தான் தாத்தா இலை செழிப்பாகவும் பேரன் இலை சோகையாகவும் இருக்கின்றன.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நம் பக்கத்துக் கரிசலில் சுக்கான் கற்கள், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள், கலந்திருக்கும். அந்த மண்ணின் காரத்தன்மையில் இரும்பு கரையாத வடிவத்தில் பூட்டிக்கொண்டுவிடும். போர்த் தண்ணீரும் அதே சுண்ணாம்பைத்தான் நாள்தோறும் கொண்டுவந்து கொட்டுகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தால் தெரியும். மண் எப்போதும் சொதசொதவென்று நனைந்திருந்தால் இந்தப் பூட்டு இன்னும் இறுகும். ஆகவே தண்ணீரைக் குறைக்கச் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் பாதி.

மருந்து மலிவானது. அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட், உரக்கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையும்படி தெளிக்க வேண்டும். உங்கள் பரப்புக்கு நான்கைந்து லிட்டர் போதும். தெளித்த இரண்டு மூன்று நாட்களில் நிறம் திரும்புவதைக் காணலாம். மண்ணில் தூவுவதில் அவ்வளவு பயன் இல்லை, அதுவும் பூட்டிக்கொள்ளும்.

மே 16, மீண்டும்

கரைக்கும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்தேன். போர்த் தண்ணீரில் கரைக்க வேண்டாம். இளம்பச்சையாக இருக்கும் கரைசல் உங்கள் கண் முன்னாலேயே செம்பழுப்பாக மாறும். மாறிவிட்டால் அது வெறும் துரு, இலைக்குள் போகாது. வீட்டில் சிறுவாணி அணைக் குடிநீர்க் குழாய் இருந்தால் அதில் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவதா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஐந்து லிட்டர்தான் கேட்கிறேன்.

மே 17

எச்சரிக்கை. அன்னபேதிக் கரைசல் சொட்டிய இடத்தில் துருக்கறை பிடிக்கும். நான் முதன்முறை தெளித்தபோது, கைத்தெளிப்பானின் மூக்கிலிருந்து சொட்டுவதைக் கவனிக்காமல் நடைபாதையின் குறுக்கே ஏழெட்டு முறை நடந்தேன். மறுநாள் கடப்பாக் கல்லின் இணைப்புகளில் பூசிய வெள்ளைச் சிமென்ட்டில், ஏதோ மிருகம் ரத்தம் சொட்ட நடந்து போனது போலத் தடம் இருந்தது. ஆறு வருடம் ஆகியும் முழுதாகப் போகவில்லை. பாதையையும் திண்ணையையும் முதலிலேயே தண்ணீர் விட்டு நனைத்து, சொட்டியதை அப்போதே கழுவிவிடுங்கள். வெள்ளை வேட்டியோடு தெளிக்கக் கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை.

மே 18

ஈரோட்டிலிருந்து எழுதிய அம்மையார், இலையில் தெளிப்பது வலி மாத்திரை போட்டுக்கொள்வதைப் போன்றது, நோய் மண்ணில் அல்லவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தெளித்ததன் பலன் மூன்று நான்கு வாரம்தான் நிற்கும், பிறகு திரும்பத் தெளிக்க வேண்டும் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். மண்ணின் காரத்தன்மையை முழுதாக மாற்ற நம்மால் ஆகாது. சுக்கான் மண்ணில் கந்தகத்தைக் கொட்டி அதை நடுநிலைக்குக் கொண்டுவர முயல்வது கடலில் பெருங்காயம் கரைத்த கதை. மக்கிய எருவைச் சலித்து, வருடத்துக்கு ஒரு முறை புல்லின் மேல் கால் அங்குலத்துக்கு மிகாமல் தூவி, விளக்குமாற்றால் உள்ளே தள்ளிவிடுவது மெதுவாகப் பலன் தருகிறது. மண்ணைச் சோதித்துக்கொள்வதும் நல்லது. என் மண்ணின் கார அமில நிலை (pH) 8.4 என்று வந்தபோதுதான் நான் யூரியாவைக் கைவிட்டு அமோனியம் சல்ஃபேட்டுக்கு மாறினேன். அது சிறிதளவு அமிலத்தையும் சேர்த்துத் தருகிறது.

மே 24

முக்கால்வாசி பச்சையாகிவிட்டது என்று கேட்க மகிழ்ச்சி. ஆனால் நடுவில் நீள்வட்டமாக ஓர் இடம் மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். ஆறடிக்கு நாலடி. விளிம்பு கத்தரித்தது போலத் தெளிவாக இருக்கிறது.

நோய் இப்படி விளிம்பு கட்டி நிற்காது. நாய் சிறுநீர் கழித்த இடமாக இருந்தால் நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருக்கும். அளவும் ஒரு தட்டுக்கு மேல் போகாது. வேர்ப்புழு என்று பல்லடத்து நண்பர் சொல்வதை ஒதுக்க முடியாது. கோடை மழை விழுந்ததும் அந்தி நேரத்தில் வேப்பமரத்தில் மொய்க்கும் பழுப்பு வண்டுகளின் குஞ்சுதான் அது. வேரைத் தின்றுவிடுவதால் புல்லைப் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவது போல எழும்பி வரும், மைனாக்களும் காக்கைகளும் அந்த இடத்தையே கொத்திக்கொண்டிருக்கும். இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஒரு நீளமான திருப்புளியை எடுத்துக்கொண்டு, முந்தைய நாள் தண்ணீர் விட்ட தரையில், ஓர் அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பாருங்கள்.

மே 26

'இரண்டு அங்குலத்தில் டக்கென்று நிற்கிறது.'

நீங்கள் எழுதிய இந்த ஒரு வரி போதும். அடியில் கட்டட இடிபாடு கிடக்கிறது. வீடு கட்டி முடித்ததும் கலவை கொட்டிய இடத்தை மேலோட்டமாக மண் போட்டு மூடி, அதன் மேல் புல் பாயை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் யார் என்று இங்கே எழுத வேண்டாம். எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். புல் பாய் தன்னோடு கொண்டுவந்த செம்மண்ணில் நான்கு மாதம் பிழைத்தது, வேர் கீழே இறங்கியதும் சிமென்ட்டைத் தொட்டது. பொங்கல் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். இத்தனைக்கும் நான் முதல் நாள் இரவே காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தை மட்டும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் படியவிடுங்கள். எம்-சாண்ட் போட வேண்டாம்; அதிலிருக்கும் கல்மாவு தரையை இறுக்கிவிடும். பிறகு உங்கள் புல்தரையின் ஓரங்களிலிருந்தே கைப்பிடி அளவு கட்டிகளாகப் பெயர்த்து, அரையடி இடைவெளியில் நட்டால் போதும். கொரியன் புல் மெதுவாகத்தான் படரும். அவசரப்படுகிறவர்களுக்கு அது ஏற்ற புல் அன்று.

ஜூன் 2

தோண்டியதில் கிடைத்ததாக நீங்கள் எழுதியவை: நான்கு சட்டிக் கான்கிரீட் துண்டுகள், ஒரு சட்டிப் பூச்சுக்காரை, ஒரு பெயின்ட் டப்பா மூடி, ஒற்றைச் செருப்பு. மற்றச் செருப்பு கிடைத்தால் எழுதுங்கள்.

ஜூன் 9

புல் வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோட்டக்காரர் மாதம் ஒரு முறை பிரஷ் கட்டரைக் கொண்டுவந்து, தரையோடு தரையாக வழித்துவிட்டுப் போகிறார் என்பதைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இலைதான் அதன் அடுப்பங்கரை. அதை இடித்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் எப்படி? கொரியன் புல்லை இரு விரற்கடை உயரத்தில் வைத்துக்கொண்டு, வளரும் காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை நுனியை மட்டும் எடுங்கள். வெட்டாமலே விட்டாலும் ஆபத்துதான், மெத்தை மெத்தையாகப் புடைத்து, உள்ளே காய்ந்த சருகு சேர்ந்து, தண்ணீர் இறங்காமல் போய்விடும்.

பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு இலையை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கிறது. வெட்டிய மறுநாள் குனிந்து ஓர் இலையைப் பாருங்கள். கூர்மையான அலகு வெட்டிய நுனி நேராக இருக்கும். நைலான் அடித்த நுனி பஞ்சு பிய்ந்தது போல வெண்ணிறத் தும்புகளாக நிற்கும், இரண்டு நாளில் தரை முழுவதும் சாம்பல் பூத்தது போலாகும். கையால் தள்ளும் உருளை மெஷின் ஒரு சென்ட்டுக்குத் தாராளமாகப் போதும். அதன் கூர்மையைச் சோதிக்க, செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்து உருளைக்கும் கீழ் அலகுக்கும் இடையே கொடுத்து மெதுவாகச் சுற்றுங்கள். கத்தரிக்கோல் போல நறுக்கென்று வெட்ட வேண்டும், மடித்தால் சாணை பிடிக்க நேரம் வந்துவிட்டது.

விஷயத்தை விட்டு ஓரடி விலகிச் சொல்கிறேன். இந்த உருளை மெஷினே ஒரு ஆலை இயந்திரத்தின் பிள்ளைதான். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் அருகே எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, இதைக் கொண்டு புல்லையும் வெட்டலாமே என்று நினைத்து, 1830இல் காப்புரிமை பெற்றார். நான் முப்பத்திரண்டு வருடம் ஆலையில் இயந்திரங்களோடு காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய மெஷினைக் கழற்றிப் பார்த்தபோது, எங்கோ பார்த்த சொந்தக்காரர் முகம் போல இருந்ததன் காரணம் இதைப் படித்த அன்றுதான் புரிந்தது.

ஜூன் 11

வெட்டிய துணுக்குகளை வாரிக் குப்பையில் கொட்ட வேண்டாம். நுனியை மட்டும் எடுத்தால் அவை தரையிலேயே விழுந்து, ஒரு வாரத்தில் காணாமல் போய், அவற்றிலிருக்கும் தழைச்சத்தைத் திருப்பித் தருகின்றன. உங்கள் தோட்டக்காரர் ஒரு கையால் அதை வாரிக் கொட்டிவிட்டு மறு கையால் யூரியா வாங்கி வரச் சொல்கிறார்.

ஜூன் 30

கோரை வந்துவிட்டதா? வராமல் இருந்தால்தான் வியப்பு. நீங்கள் வாங்கிய தொழு எருவிலோ செம்மண்ணிலோ கிழங்கு இருந்திருக்கும். தவறு என்னுடையது, மண்ணைச் சலித்துப் போடுங்கள் என்று மே 26ஆம் தேதி எழுதியிருக்க வேண்டும்.

கோரையைப் பிடுங்காதீர்கள். மேலே தெரியும் ஒரு குத்துக்குக் கீழே, கறுப்பு நூலில் கோத்த பாசிமணி போல, கிழங்குகள் சங்கிலியாகத் தொங்கும். மேற்பகுதியைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் தனித்தனியே முளைவிடும். ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வரும் என்று ஊரில் சொல்வது மூடநம்பிக்கை அன்று. புதிதாக நிரப்பிய இடம் மண் பொலபொலவென்று இருப்பதால், அங்கே மட்டும் களைக்கொத்தை ஆழமாக விட்டு, கிழங்கோடு நெம்பி எடுக்கலாம். ஒரு கிழங்கை நகத்தால் கிள்ளி முகர்ந்து பாருங்கள்; குளியல் பொடியில் போடும் வாசனை. என் பாட்டிக்குக் கோரைக்கிழங்கு களை அன்று, அஞ்சறைப் பெட்டிச் சரக்கு.

பழைய புல்லுக்குள் வந்துவிட்டால், ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி கோரையைத் தாக்கும், கொரியன் புல்லையும் அருகம்புல்லையும் விட்டுவிடும். பொட்டலத்தில் அச்சிட்ட அளவுக்கு ஒரு கிராம்கூட மிகாமல், காற்றில்லாத காலையில் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் தோன்றும். பொறுமை இழந்து கிளைஃபோசேட் அடித்துவிடாதீர்கள். அது கோரையையும் புல்லையும் பாரபட்சம் இல்லாமல் கொல்லும், பிறகு கோரை மட்டும் கிழங்கிலிருந்து திரும்பி வரும்.

ஜூலை 21

ஆடிக்காற்று. தெளிப்பான் வைத்து நீர் விடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நேராகச் சுவர் உள்ள எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்தைத் தரையில் ஆங்காங்கே வைத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பள்ளிக்கூட அளவுகோலால் அளந்தேன். வடகிழக்கு மூலையில் 11 மில்லிமீட்டர், தென்மேற்கு மூலையில் 3. காற்று தண்ணீரைப் பக்கத்து வீட்டு முருங்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வழக்கத்துக்கு மாறாக இந்த வருடம் அவர் நமக்குக் காய் கொடுத்ததன் காரணம் இதுதான் போலும். காற்று எழுவதற்கு முன் ஐந்து மணிக்கே விட்டுவிடுகிறேன் இப்போது.

ஆகஸ்ட் 18

புதிதாகச் சேர்ந்த ஒருவர், அருகம்புல்லே இருக்கும்போது கொரியன் எதற்கு என்று கேட்கிறார். 'அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? எட்டு மணி நேர வெயில் விழும் இடமாக இருந்தால் நான் அருகுக்கே வாக்களிப்பேன். மிதித்தாலும் எழும், வறட்சியிலும் தாங்கும், கெட்ட இடத்தைத் தானே மூடும். ஆனால் நிழல் விழுந்தால் மெலிந்து, நூலாகி, காணாமல் போகும். பூச்செடிப் பாத்திக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற வழக்கறிஞர்தான் வைக்க வேண்டும். கொரியன் ஓரளவு நிழலைப் பொறுக்கும். மாமரத்தடியில் இரண்டுமே தேறாமல், நான் அங்கே அகன்ற இலை பஃபலோ புல்லைப் போட்டு, பிறகு அதையும் எடுத்துவிட்டுச் செங்கல் பாவி நாற்காலி போட்டேன். அந்தத் தோட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இப்போது அதுதான்.

செயற்கைப் புல் பற்றி முதல் நாள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு, யார் வீட்டிலாவது விரித்திருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்று பாருங்கள்.

அக்டோபர் 27

படத்துக்கு நன்றி. நீள்வட்டம் இன்னும் தெரிகிறது. கட்டிகளுக்கு இடையே நான்கு விரல் மண் பாக்கி இருக்கிறது. கொரியன் புல்லுக்கு இது சரியான வேகம்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டதால் போர் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, இந்த இரண்டு மாதம் அன்னபேதிக்கும் அநேகமாக வேலை இருக்காது. மழை விட்டதும் ஈரத் தரையில் மெஷினைத் தள்ள வேண்டாம், சக்கரத் தடம் பதியும்.

படத்தின் வலது மூலையில், நடைபாதையின் கல் இடுக்கில் செம்பழுப்பாக ஒரு தடம் தெரிகிறது. மே 17 குறிப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 28

வினாக் கேட்டவர் படித்துவிட்டுத்தான் தெளித்தாராம். சொட்டியது தோட்டக்காரர் கையிலிருந்த தெளிப்பானாம். சரி.